மாலை ஆறு மணிக்கு மேல் கடற்கரைச் சாலை: புதுச்சேரியின் பழைய நகரில் நான்கு நாள் நடந்து பார்த்த மதிப்பீடு

என் அம்மாவுக்கு 74 வயது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் வலது முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்ததிலிருந்து கைத்தடி இல்லாமல் அவர் வாசற்படி இறங்குவதில்லை. தினமும் அரை மணி நேரமாவது சமதரையில் நடக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்; எங்கள் ஊரில் மொட்டை மாடியைத் தவிர அப்படி நடக்கத்தக்க இடம் எதுவும் அவருக்கு வாய்க்கவில்லை. தெருவில் இறங்கினால் பின்னால் வரும் வண்டியின் சத்தத்துக்குக் காதைக் கொடுத்துக்கொண்டே நடக்க வேண்டியிருக்கிறது, அது நடையாகவே இல்லை என்று அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். அதனால் சென்ற தை மாதத்தில் அவரையும், என் அண்ணன் மகளான எட்டு வயதுச் சிறுமியையும் அழைத்துக்கொண்டு நான்கு நாள் புதுச்சேரிக்குப் போனேன். கோயிலும் கடைத்தெருவும் பார்த்தோம் என்றாலும், போனது நடப்பதற்காகத்தான்.

குபேர் சாலை என்னும் கடற்கரைச் சாலையில் மாலை 6 மணி முதல் மறுநாள் காலை 7.30 மணி வரை வாகனங்களை நிறுத்திவிட்டு, சாலை முழுவதையும் நடப்பவர்களுக்கு விட்டுக்கொடுக்கும் ஏற்பாட்டையும், அந்தச் சாலைக்கு நாங்கள் போய்வந்த பழைய நகரின் குடியிருப்பு வீதிகளையும் இங்கே மதிப்பிடுகிறேன். இதற்கு நுழைவுச் சீட்டும் கிடையாது, ரசீதும் கிடையாது. என்றாலும் வரிப்பணத்தில் நடக்கும் ஒரு சேவை என்ற முறையில், தங்கும் விடுதியின் அறையை எவ்வளவு கவனமாகப் பார்த்துச் சொல்வோமோ அவ்வளவு கவனமாக இதையும் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம். முதியவர்களையும் குழந்தைகளையும் அங்கே அழைத்துப்போக நினைப்பவர்களுக்கு இது பயன்படக்கூடும்.

முதலில் கடற்கரைச் சாலையைச் சொல்லிவிடுகிறேன். ஆறு மணிக்குச் சற்று முன்னதாகவே நாங்கள் போய் நின்றுகொண்டோம். சிவப்புத் தொப்பி அணிந்த காவலர்கள் இரும்புத் தடுப்புகளைச் சாலையின் குறுக்கே இழுத்து வைத்தார்கள். உள்ளே இருந்த வண்டிகள் ஒவ்வொன்றாக வெளியேறின. அடுத்த சில நிமிடங்களில் நடந்த மாற்றத்தை முதலில் கண்டுகொண்டது என் காதுதான். அதுவரை இயந்திரச் சத்தத்துக்கு அடியில் புதைந்திருந்த கடல், கருங்கற்களில் வந்து மோதும் ஓசையாக மேலே வந்தது. ஓரமாக நின்றிருந்தவர்கள் மெல்ல மெல்லச் சாலையின் நடுவுக்கு வந்தார்கள். அம்மா தன் வழக்கப்படி விளிம்பை ஒட்டியே நடந்துகொண்டிருந்தார். காந்தி சிலை வந்த பிறகுதான், யாரும் சொல்லாமலேயே, நடுச்சாலைக்கு வந்தார். பழைய கலங்கரை விளக்கம், முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்கான பிரெஞ்சு நினைவிடம் என்று ஒவ்வொன்றாக நின்று பார்த்துக்கொண்டு, ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல் நீளும் அந்தச் சாலையை அன்று அவர் இரண்டு முறை நடந்து முடித்தார். வீட்டில் பத்து நிமிடத்தில் வலி வந்துவிட்டது என்று உட்கார்ந்துவிடுபவர் அவர்.

ஏன் முடிந்தது என்று இரவு யோசித்துப் பார்த்தேன். தார்ப்பரப்பு சமமாக இருந்தது. ஏற வேண்டிய விளிம்புக்கல்லோ, இறங்க வேண்டிய பள்ளமோ இல்லை. நினைத்த இடத்தில் கடலோரக் கைப்பிடிச் சுவரை ஒட்டி உட்கார முடிந்தது. இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, அவர் திரும்பிப் பார்க்காமல் நடந்தார் என்பது. வயதானவர்கள் தெருவில் தடுமாறி விழுவதற்குக் காலின் பலவீனம் மட்டும் காரணமல்ல. பின்னால் வருவதைப் பார்க்கக் கழுத்தைத் திருப்பும்போது அடி தவறுவதும் ஒரு காரணம். அந்தத் திரும்பல் தேவைப்படாத ஒரு சாலை கிடைத்தால் அவர்களால் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதை அன்று கண்ணால் பார்த்தேன். சிறுமி எங்களை விட்டு ஓடினாள், திரும்பி வந்தாள், மறுபடி ஓடினாள்; அவள் கையைப் பிடிக்க வேண்டும் என்ற நினைவே எனக்கு வரவில்லை. அந்த மாலைக்காக நான் அந்த ஊருக்கு நன்றியுடையவளாக இருக்கிறேன்.

குறைகளும் உண்டு. தடுப்புகளுக்கு இடையில் விட்டிருக்கும் இடைவெளியில் இருசக்கர வண்டி ஒன்று நுழைந்து போவதை இரண்டு மாலைகளில் பார்த்தேன். ஒரே ஒரு வண்டி நுழைந்தாலும் போதும், நடப்பவர்கள் எல்லோரும் மறுபடி விளிம்புக்கு ஒதுங்கிவிடுகிறார்கள், அவர்கள் நடுவுக்குத் திரும்ப நெடுநேரம் ஆகிறது. இழுத்து வைக்கும் தடுப்பு என்பது அதை இழுத்து வைக்கும் மனிதரை நம்பியிருக்கும் ஏற்பாடு. பூமியில் ஊன்றிய குட்டைத் தூண்களுக்கு அந்தச் சார்பு இல்லை. ஆனாலும் இந்தச் சேவைக்கு ஐந்துக்கு நான்கரை மதிப்பெண் கொடுப்பதில் எனக்குத் தயக்கமில்லை.

என் மனத்தை உறுத்தியது வேறு ஒன்று. நாங்கள் தங்கியிருந்த வீதியிலிருந்து கடற்கரைச் சாலைக்குப் பத்து நிமிட நடைதான். அந்தப் பத்து நிமிடம், கடற்கரையில் நடந்த ஒரு மணி நேரத்தைவிட அம்மாவைக் களைப்படையச் செய்தது. காரணத்தைப் புரிந்துகொள்ள அந்த நகரம் எப்படி அமைந்தது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

புதுச்சேரியின் நேர்கோட்டு வீதிகளைப் பிரெஞ்சுக்காரர்களின் கைவண்ணம் என்றே பலரும் நினைக்கிறோம். 1693-ல் அந்த ஊரைப் பிடித்து 1699-ல் திருப்பிக் கொடுத்த டச்சுக்காரர்கள்தான் கட்டம் கட்டமான அந்த வரைபடத்தை முதலில் போட்டவர்கள். 1761-ல் ஆங்கிலேயர்கள் நகரை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1765-க்குப் பிறகு பிரெஞ்சுக்காரர்கள் திரும்பக் கட்டியபோது பழைய கட்டங்களின் மேலேயே கட்டினார்கள். கடலை ஒட்டிய பகுதி வெள்ளையர்களுக்கு, பெரிய வாய்க்காலுக்கு மேற்கே உள்ள பகுதி தமிழர்களுக்கு என்று ஊர் பிரிக்கப்பட்டது. அந்தப் பிரிவின் கசப்பை வாய்க்கால் இன்னும் நினைவூட்டிக்கொண்டிருக்கிறது என்றாலும், நடப்பவரின் கண்ணுக்கு இரண்டு பகுதிகளுக்கும் பொதுவாகத் தெரிவது அந்த நேர்கோடுதான். நின்ற இடத்திலிருந்து வீதியின் கடைசி வரை பார்வை போகிறது. பல்லக்கும் மாட்டுவண்டியும் போன காலத்தில் அது அழகாக மட்டும் இருந்திருக்கும். இயந்திர வண்டி வந்த பிறகு, கண்ணுக்கு எட்டியவரை தடையில்லாமல் தெரியும் வீதி, வேகமாக ஓட்டச் சொல்லி ஓட்டுநரைத் தூண்டும் வீதியாக மாறிவிட்டது.

அந்த வேகம் எங்கே ஆபத்தாகிறது என்றால் முனைகளில். பிரெஞ்சுப் பகுதியின் வீடுகளுக்கு உயரமான மதில்கள். மஞ்சள் வண்ணம் பூசிய அந்த மதில்கள் வீதியின் விளிம்பிலேயே எழுந்து, முனையில் கூர்மையாகத் திரும்புகின்றன. குறுக்கு வீதியில் யார் வருகிறார்கள் என்பது முனையைத் தாண்டித் தலையை நீட்டும்வரை தெரியாது. ஓட்டுபவருக்கும் தெரியாது, நடப்பவருக்கும் தெரியாது. எனவே ஒவ்வொரு முனையிலும் ஹாரன் ஒலிக்கிறது. பிரேக் செய்ய வேண்டிய வேலையை ஹாரன் செய்துகொண்டிருக்கிறது. துய்மா வீதி, ரோமன் ரோலான் வீதி, சுய்ஃப்ரேன் வீதி என்று பிரெஞ்சிலும் தமிழிலும் எழுதிய நீலப் பலகைகளைப் படித்துக்கொண்டு போவது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் அந்தப் பலகைகள் முனைகளில்தான் இருக்கின்றன, அங்கே நின்று நிதானமாகப் படிக்கத்தான் முடியவில்லை.

இரண்டாம் நாள் பிற்பகலில் அப்படி ஒரு முனையில், ஒருவழி வீதியில் எதிர்த்திசையில் வந்த வாடகை ஸ்கூட்டர் ஒன்று சிறுமியின் முழங்கைக்கு ஒரு சாண் தூரத்தில் கடந்து போனது. ஓட்டியவர்களுக்கு இருபது வயதுகூட இருக்காது. வெளியூர்ப் பிள்ளைகள், கையில் கைபேசியில் வழி பார்த்துக்கொண்டு வந்தார்கள். அவர்கள் நின்று மன்னிப்புக் கேட்டார்கள், அவர்கள்மீது எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்த வண்டியை அவர்களுக்குக் கொடுத்த கடையில், ஒருவழிப் பாதைகள் எவை என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பார்களா, ஒரு துண்டுத்தாளில் வரைந்து கொடுத்திருப்பார்களா என்ற கேள்வி எனக்கு எழுந்தது. சிறுமி அன்று மாலைவரை பேசவில்லை. கடற்கரைச் சாலைக்குப் போன பிறகுதான் என் கையை விட்டாள்.

வேகத்தைப் பற்றி ஒரு எளிய கணக்கு உண்டு, இதை நான் ஓட்டுநர் உரிமத்துக்குப் படித்தபோது யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு வினாடியில் ஏறத்தாழ 14 மீட்டர் போய்விடுகிறது. ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒருவருக்கு ஒரு வினாடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், அந்த 14 மீட்டரைக் கடந்த பிறகுதான் வண்டி வேகம் குறையவே தொடங்கும். உலர்ந்த சாலையில் அது முழுவதும் நிற்க மொத்தம் 28 மீட்டர் அளவுக்குத் தேவைப்படும். அதே வண்டி 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்திருந்தால் 13 மீட்டரிலேயே நின்றிருக்கும். அதாவது, மெதுவாக வந்த வண்டி முழுவதுமாக நின்றுவிட்ட இடத்தில், வேகமாக வந்த வண்டி பிரேக்கை மிதிக்கத் தொடங்கக்கூட இல்லை. 2020 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோமில் கூடிய உலக அமைச்சர்கள் மாநாடு, நடப்பவர்களும் வாகனங்களும் கலந்து போகும் இடங்களில் 30 கிலோமீட்டரே உச்ச வேகமாக இருக்க வேண்டும் என்று அறிவித்ததற்கு அடியில் இருப்பது இந்தக் கணக்குதான். மதில்முனைகள் பார்வையை மறைக்கும் ஒரு பழைய நகரில் 30 என்பதே அதிகம் என்று நான் சொல்வேன்.

இனி நடைபாதை. பிரெஞ்சுப் பகுதியின் பல வீதிகளில் நடைபாதை இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதன் நடுவில் ஒரு மரம், அடுத்து ஒரு மின்கம்பம், அதையடுத்து வரிசையாக நிறுத்திய இருசக்கர வண்டிகள், அதற்கும் அப்பால் ஓர் உணவகத்தின் பெயர்ப்பலகை என்று வந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் அம்மா சாலையில் இறங்கி, தாண்டி, மறுபடி ஏற வேண்டும். மூன்றாவது முறை இறங்கிய பிறகு அவர் ஏறவில்லை, சாலையிலேயே நடந்தார். அங்கே நடப்பவர்களில் பெரும்பாலோர் சாலையில் நடப்பதற்கு ஒழுங்கின்மை காரணமல்ல, இதுதான் காரணம். குடியிருப்புப் பகுதியின் நடைபாதையில் தடையேதும் இல்லாமல் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் இருக்க வேண்டும், விளிம்புக்கல்லின் உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது என்று இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த நெறிமுறை சொல்கிறது. மரங்களை வெட்டச் சொல்வதற்கு எனக்கு மனம் வராது, அந்த மரங்களின் நிழலில்தான் நாங்கள் நின்று இளைப்பாறினோம். ஆனால் நிறுத்திய வண்டிகளுக்கு வேர் கிடையாது.

மாலை ஆறு மணிக்குக் கடற்கரையிலிருந்து வெளியேற்றப்படும் வண்டிகள் எங்கே போகின்றன என்பதையும் கவனித்தேன். அவை பின்னால் இருக்கும் வீதிகளுக்குள் வருகின்றன. சனிக்கிழமை மாலை நாங்கள் தங்கியிருந்த வீதியில், நிறுத்த இடம் தேடி ஒரே கார் மூன்று முறை சுற்றி வந்ததைத் திண்ணை போன்ற ஒரு படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்தேன். கடற்கரையில் ஆயிரக்கணக்கானோர் நிம்மதியாக நடக்கும் அதே நேரத்தில், அதற்குப் பின்னால் குடியிருப்பவர்களின் வீட்டு வாசலில் நெரிசல் கூடுகிறது. கடற்கரைச் சாலையில் கொடுத்த நிம்மதியை இந்த வீதிகளிலிருந்து எடுத்துத்தான் கொடுக்கிறார்களோ என்று எனக்குத் தோன்றியது. விருந்தாளிக்குக் கூடத்தில் பாய் விரித்துவிட்டு, வீட்டுக்காரர் வாசலில் நிற்பது போன்ற நிலை அது.

மூன்றாம் நாள் வாய்க்காலைக் கடந்து தமிழ்ப் பகுதிக்குப் போனோம். வாய்க்காலின் கரையோரம் ஓடும் சாலைகளைக் கடப்பது எளிதாக இல்லை. ஓர் ஆட்டோ ஓட்டுநர் கையைக் காட்டி மற்ற வண்டிகளை நிறுத்தி எங்களைக் கடக்க விட்டார். பாரதியார் 1908 முதல் பத்து ஆண்டுகள் வாழ்ந்த ஊர் இது; அவர் குடியிருந்த வீடு ஈசுவரன் தருமராசா கோயில் வீதியில் நினைவில்லமாக இருக்கிறது. அந்த வீட்டைப் பார்த்துவிட்டு, கால்வே சுப்புராயச் செட்டியார் வீதி என்ற வைசியாள் வீதிக்கு வந்தோம். இந்த நான்கு நாட்களில் என்னை அதிகம் யோசிக்க வைத்த இடம் அதுதான்.

பழைய தமிழ் வீட்டின் முகப்பு இரண்டு அடுக்குகளைக் கொண்டது. சுவரை ஒட்டித் திண்ணை. அதற்கு முன்னால், மரத்தூண்கள் தாங்கும் சாய்வான ஓட்டுக்கூரையுடன் தாழ்வாரம். திண்ணை வீட்டுக்குச் சொந்தம், ஆனால் வழிப்போக்கர் உட்காரலாம். தாழ்வாரமோ வீட்டைச் சேர்ந்ததா வீதியைச் சேர்ந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாதது. வீடுகள் சுவரோடு சுவராக ஒட்டி நின்ற வீதியில் தாழ்வாரங்களும் தொடர்ந்து நின்றபோது, வெயிலிலும் மழையிலும் நடப்பவருக்குத் தலைக்குமேல் கூரை இருந்தது. நடைபாதை என்ற சொல்லே நமக்குத் தேவைப்படாத காலத்தில், ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன் பங்குக்குச் சில அடி நடைபாதையைக் கட்டிக் கொடுத்திருக்கிறார். வைசியாள் வீதியின் முகப்புகள், ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏசியா அர்ப்ஸ் திட்டத்தின் உதவியோடு, இத்தாலியின் உர்பினோ, பிரான்சின் வில்நெவ் சுர் லோ ஆகிய நகரங்களின் கூட்டுறவில், மரபுக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பின் கைகளால் சீரமைக்கப்பட்டன. 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதுகளில் ஒன்று அந்த வேலைக்குக் கிடைத்தது.

விருது கட்டடக் கலைக்குக் கிடைத்தது. நான் பார்த்ததோ போக்குவரத்து. அந்த வீதியில் வண்டிகள் மெதுவாகப் போயின. வேகத்தடை எதுவும் அதற்குக் காரணமில்லை. வீதியின் இரு புறமும் மனிதர்கள் உட்கார்ந்திருந்தார்கள். தாழ்வாரத்தின் தூண்கள் வீதியைக் குறுக்கிக் காட்டின. திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தவர்களைக் கண்டு, வண்டியில் வந்தவர் தான் ஒரு வீட்டுக்குள் நுழைந்துவிட்டதைப் போலத் தயங்கினார். திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் அம்மாவை அழைத்து உட்காரச் சொன்னார். நாங்கள் நடக்க வந்த கதையைக் கேட்டவர், "எங்க தெருவுல வண்டிக்காரன் மெதுவாப் போவான்மா, நாங்க பாத்துக்கிட்டு இருக்கோம்ல" என்றார். மணக்குள விநாயகர் கோயில் வாசலில் லட்சுமி யானை நின்ற நாட்களில் அந்தப் பக்கமும் அப்படித்தான் இருந்தது என்றும் சொன்னார். 2022 நவம்பர் 30 அன்று காலை நடைக்குப் போன லட்சுமி வழியிலேயே சரிந்து இறந்ததைச் சொல்லும்போது அவர் குரல் மாறியது. யானை நடக்கும் வீதியில் எந்த வண்டியும் அவசரப்படாது என்று அம்மா மெதுவாகச் சொன்னார்.

அதே வீதியை விட்டு இரண்டு வீதி தள்ளிப் போனபோது நிலைமை மாறிவிட்டது. புதிதாகக் கட்டிய வீடுகளில் திண்ணை இருந்த இடத்தில் கார் நிறுத்தும் கூடம். அதன் இரும்புக் கதவிலிருந்து வீதிக்குள் நீளும் சரிவு. சரிவின்மேல் பாதி வெளியே நிற்கும் கார். தாழ்வாரம் தொடர்ந்து வந்த இடத்தில் இப்போது நடப்பவர் ஒவ்வொரு சரிவையும் சுற்றிக்கொண்டு வீதியின் நடுவுக்குப் போக வேண்டும். திண்ணை போனதால் பார்ப்பவர்கள் போனார்கள். பார்ப்பவர்கள் போனதால் வண்டியின் தயக்கம் போனது. வீட்டுக்காரர்களைக் குறை சொல்லவில்லை, அவர்களுக்கும் வண்டி நிறுத்த இடம் வேண்டும். ஆனால் ஒரு வீதியின் பாதுகாப்பு அதன் முகப்புகளோடு எவ்வளவு நெருங்கிப் பிணைந்திருக்கிறது என்பதை ஒரே பிற்பகலில் இரண்டு வீதிகள் எனக்குக் காட்டிவிட்டன.

இந்த இடத்தில் டச்சுக்காரர்களை மறுபடி நினைக்காமல் இருக்க முடியவில்லை. புதுச்சேரிக்கு நேர்கோடு போட்டுக் கொடுத்த அவர்கள் நாட்டில், டெல்ஃப்ட் நகரில், 1960-களின் இறுதியில் 'வூனெர்ஃப்' என்ற ஏற்பாடு பிறந்தது. வாழும் முற்றம் என்று அந்தச் சொல்லுக்குப் பொருள் சொல்லலாம். குடியிருப்பு வீதியில் நடைபாதை, சாலை என்ற மேடு பள்ளத்தை நீக்கி, மரங்களையும் இருக்கைகளையும் வளைவுகளையும் நடுவில் வைத்து, நடப்பவரே அங்கே முதன்மையானவர், வண்டி நடை வேகத்தில்தான் வர வேண்டும் என்று ஆக்கினார்கள். 1976-ல் அதற்குச் சட்ட வடிவமும் கிடைத்தது. உலகம் முழுவதும் இன்று வேகத் தணிப்பு பற்றிப் பேசுபவர்கள் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். வைசியாள் வீதியின் தாழ்வாரத்தில் நின்றபோது, வூனெர்ஃபில் உள்ளவற்றில் பாதியாவது இங்கே ஏற்கெனவே இருக்கிறது என்று பட்டது. வண்டியைத் தயங்க வைக்கும் முகப்பும், வீதியைப் பார்த்துக்கொண்டு உட்காரும் வழக்கமும் நம்மிடம் பழையவை. சட்டமும் தளமும்தான் பாக்கி.

ஆகவே பழைய நகருக்கு நான் கேட்பது இன்னும் அதிகமான இரும்புத் தடுப்புகளை அல்ல. தடுப்பு, வண்டியை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தள்ளுகிறது. வேகத்தைக் குறைப்பதோ வண்டியை இருக்கும் இடத்திலேயே சாதுவாக்குகிறது. கட்டம் கட்டமான நகரில் இதற்கு ஒரு வசதி உண்டு: ஒவ்வொரு சில நூறு அடிக்கும் ஒரு சந்திப்பு. அந்தச் சந்திப்புத் தளம் முழுவதையும் நடைபாதையின் மட்டத்துக்கு உயர்த்திக் கல் பாவிவிட்டால், வண்டி ஏறி இறங்கும். நடப்பவர் ஏறி இறங்க வேண்டியதில்லை. முனைகளில் சாலையின் வாயைக் கொஞ்சம் குறுக்கினால், மதில் மறைக்காத இடத்தில் நடப்பவர் வந்து நிற்க முடியும், கடக்கும் தூரமும் குறையும். வேகத்தடை போடுவதென்றால் முறையாகப் போட வேண்டும். இந்தியச் சாலைக் காங்கிரஸ் சொல்லும் வட்ட வேகத்தடை 3.7 மீட்டர் நீளமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்டு, 25 கிலோமீட்டர் வேகத்தில் அலுங்காமல் கடக்கத்தக்கதாக இருக்கும். நம் ஊர்களில் ஒரே இரவில் முளைக்கும் கூர்மையான மேடுகள் அவை அல்ல. அந்த மேடுகள் முதுகெலும்பைத்தான் தண்டிக்கின்றன, அவற்றைத் தாண்டியதும் ஓட்டுநர்கள் இழந்த நேரத்தைப் பிடிக்க இன்னும் வேகமாகப் போகிறார்கள்.

வெளியூர் வண்டிகளை நகரைச் சுற்றி ஓடும் பெருஞ்சாலைகளின் ஓரத்திலேயே நிறுத்தச் சொல்லி, உள்ளே சிறிய மின்வண்டிகளில் முதியவர்களை அழைத்துவரலாம். கடைக்காரர்கள் இதை எதிர்ப்பார்கள் என்பது தெரியும். சென்னையில் 2019 நவம்பரில் பாண்டி பஜாரின் நடைபாதைகளை அகலப்படுத்தித் திறந்தபோதும் அந்த அச்சம் இருந்தது. இப்போது அங்கே மாலையில் நடக்கும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு நான் வேறு சொல்ல வேண்டியதில்லை. அது கடைத்தெரு, இது குடியிருப்பு என்ற வேறுபாடு உண்மைதான். ஆனால் குடியிருப்பு என்பதாலேயே இங்கே தேவை இன்னும் அதிகம்: கடைத்தெருவுக்குப் போகாமல் இருக்கலாம், வீட்டு வாசலில் இறங்காமல் இருக்க முடியாது. ஆம்புலன்ஸ் வர வேண்டாமா என்று அந்தப் பெரியவரின் மகன் கேட்டார். நியாயமான கேள்வி. மெதுவாகப் போகும் வீதி ஆம்புலன்ஸை மறிப்பதில்லை. இரு புறமும் கார்கள் நிறுத்தப்பட்ட வீதிதான் மறிக்கிறது.

இந்தியாவில் 2022-ல் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து போனவர்கள் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை சொல்கிறது. நாளொன்றுக்குத் தொண்ணூறு பேர். அவர்களில் யாரும் யார்மீதும் மோதக் கிளம்பியவர்கள் அல்லர். கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-ல் தொடுத்த பொதுநல வழக்கில், தடையற்ற நடைபாதை என்பது அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதத்தில் சொன்னது. உடைந்த எலும்புகளைச் சேர்ப்பவர், எலும்பு உடையும் இடத்தைத் தேடி நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறார். அம்மாவின் முழங்காலைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த வழக்கு நினைவுக்கு வருகிறது.

பழைய நகரின் உள்வீதிகளுக்கு, வைசியாள் வீதியைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, ஐந்துக்கு இரண்டு மதிப்பெண்தான் என்னால் கொடுக்க முடிகிறது. வைசியாள் வீதிக்கு நான்கு.

போக நினைப்பவர்களுக்குச் சில செய்திகள். கைத்தடியோடு நடப்பவர்கள் இருந்தால் கடற்கரைச் சாலைக்கு மிக அருகில் தங்குங்கள். வாடகை கூடுதலாக இருந்தாலும் வழியில் கடக்க வேண்டிய முனைகள் குறையும். சனி, ஞாயிறு மாலைகளைவிட வார நாட்களின் மாலை நன்று. ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதியில் கூடும் சந்தைக்குக் குழந்தைகளை அழைத்துப் போகலாம், அங்கே கூட்டமே வண்டிகளை அடக்கிவிடுகிறது, ஆனால் முதியவர்களுக்கு நெரிசல் தாங்காது. தமிழ்ப் பகுதிக்குக் காலை வெயில் ஏறுவதற்குள் போனால் திண்ணைகளில் ஆட்கள் இருப்பார்கள். எல்லாவற்றிலும் சிறந்தது விடியற்காலைக் கடற்கரைச் சாலை. நாங்கள் கடைசி நாள் ஐந்தே முக்காலுக்குப் போய், சூரியன் எழுவதைப் பார்த்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் நடந்தோம். ஆனால் 7.15-க்குள் சாலையைக் கடந்து வீட்டுப் பக்கத்துக்கு வந்துவிடுங்கள். நாங்கள் காபி குடிக்க உட்கார்ந்து தாமதித்துவிட்டோம். தடுப்புகளை எடுத்த பிறகு, அதுவரை நடுவில் நடந்துகொண்டிருந்த அதே சாலையின் ஓரத்தில், கடப்பதற்காக அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றோம்.